ரெண்டே பேரு, ஒரு கிட்டார், ஒரு ட்ரம்ஸ்: டயட் சிக் முதல் ஆல்பம் பத்தி கொஞ்சம் நீளமான பதில்

டயட் சிக் பேண்டோட முதல் ஆல்பம் கேட்டு பிடிச்சுப் போச்சு, அப்புறம் விமர்சனம் தேடிப் பாத்தா பாதி பேரு 'சின்னப்புள்ளத்தனமா இருக்கு, டைரிய அப்டியே பாடி வச்சிருக்காங்க'ன்னு திட்டிருக்காங்க, என் ரசனைலதான் கோளாறா, அதோட பேஸ் கிட்டார் இல்லாம ரெண்டு பேரு எப்டி இவ்ளோ சத்தம் போடுறாங்க, இதே மாதிரி வேற என்ன கேக்கலாம்னு கேட்டிருந்தீங்க. மொதல்லயே சொல்லிடறேன், உங்க ரசனைல ஒரு கோளாறும் இல்ல. அந்த ஆல்பத்துல குறை இருக்கு, அதயும் சொல்றேன், ஆனா திட்டுனவங்க காட்டுற குறை அது கிடையாது.

இந்த பேண்ட் பத்தி தெரியாம இத படிக்கிறவங்களுக்காக சுருக்கமா. அலெக்ஸ் லூசியானோ பாட்டும் கிட்டாரும், நோவா போமன் ட்ரம்ஸ், அவ்ளோதான் பேண்டே. ஊரு நியூ பால்ட்ஸ், நியூயார்க் சிட்டிக்கு வடக்க ஹட்சன் ஆத்துப் பள்ளத்தாக்குல இருக்கிற சின்ன காலேஜ் டவுன், மாநிலப் பல்கலைக்கழகத்தோட ஒரு கேம்பஸ் அங்க இருக்கு, பக்கத்துலயே பாறை ஏறுறவங்க தேடி வர்ற ஷாவங்கங்க் மலை. 2014-ல ஆரம்பிச்சாங்க. எப்டி சந்திச்சாங்கன்னு அவங்களே பல பேட்டில சொன்ன கதை ஒண்ணு இருக்கு, நோவா அப்போ ஏர்ல் பாய்கின்ஸ்னு ஒரு பேண்ட்ல வாசிச்சுட்டு இருந்தாரு (கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருத்தரோட பேரு அது, என்பிஏ வரலாத்துலயே ரொம்ப குள்ளமானவங்கள்ல ஒருத்தரு), ஒரு வீட்டு ஷோல அவங்க வாசிச்சுட்டு இருக்கும்போதே அலெக்ஸ் நேரா போயி லைட்டர் இருக்கான்னு கேட்டாங்களாம். அந்த ஆளோட தைரியம் எப்டிப்பட்டதுன்னு இதுலயே தெரிஞ்சுடும், பாட்டும் அதே மாதிரிதான் இருக்கும். 2015-ல ஓவர் ஈஸின்னு அஞ்சு பாட்டு ஈபி (முழு ஆல்பத்த விடச் சின்ன வெளியீடு), ஃபாதர்/டாட்டர் ரெக்கார்ட்ஸ்ங்கிற சின்ன லேபிள்ல. அதே வருஷம் ரெண்டு பாட்டு வச்சு ஒரு ஏழு இன்ச் ரெக்கார்டு. அப்புறம் ஊர் ஊரா டூர். 2017 ஏப்ரல் 7 அன்னிக்கு நீங்க கேட்ட ஆல்பம், ஸ்வேர் ஐம் குட் அட் திஸ், ஃப்ரெஞ்ச்கிஸ் ரெக்கார்ட்ஸ் வெளியீடு, 12 பாட்டு. ஃப்ரெஞ்ச்கிஸ் லேபிள ஆரம்பிச்சது லெ சாவி ஃபாவ் பேண்டோட சிட் பட்லர், அவரு பேஸ் வாசிக்கிறவரு! பேஸே இல்லாத பேண்ட ஒரு பேஸ் கிட்டாரிஸ்ட் கூப்ட்டு சேத்துக்கிட்டாருன்னு நெனச்சா எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

வீட்டு ஷோ என்னன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா இந்த ஆல்பத்தோட சத்தம் அங்கிருந்துதான் வருது. அமெரிக்க காலேஜ் ஊருங்கள்ல பசங்க வாடகைக்கு எடுத்த பழைய வீட்டோட பேஸ்மெண்ட்ல, இல்லனா ஹால்ல, சோபாவ தள்ளி வச்சுட்டு பேண்ட் வாசிப்பாங்க. மேடைன்னு ஒண்ணு இருக்காது, பாடுறவங்களுக்கும் முன்வரிசைக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா பெருசு. உள்ள வரும்போது ஒரு டப்பால சில டாலர் போடணும், அது டூர் வந்த பேண்டுக்கு பெட்ரோல் காசு. பீஏ சிஸ்டம்னா ரெண்டு ஸ்பீக்கர், அதுல வாய்ஸ் மட்டும்தான் போகும், ட்ரம்ஸுக்கு மைக்கே கிடையாது, கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) நேரா ஜனங்க மூஞ்சிக்கு. கூரை தாழ்வா இருக்கிறதால ட்ரம்ஸ் அடிச்சா அறையே ட்ரம் ஆயிடும். இப்டி எடத்துல நுணுக்கமா நாலு அடுக்கு வச்சு வாசிச்சா ஒண்ணும் விளங்காது. தெளிவான ஒரு கிட்டார், பலமான அடி, எல்லாத்துக்கும் மேல கேக்குற வார்த்தை, இது மூணு இருந்தா போதும். டயட் சிக் இந்த மாதிரி ரூமுக்காகவே ஃபிட்டான பேண்ட், அதனால பெரிய ஹாலுக்குப் போனப்பவும் அந்தப் பழக்கத்த விடல, அலெக்ஸ் கிட்டார மாட்டிட்டு காலை தலை உயரத்துக்குத் தூக்கி உதைக்கிறதும் ஆம்ப் மேல ஏறிக் குதிக்கிறதும் இன்னொரு இசைக்கருவி மாதிரியே ஆயிடுச்சு.

இப்போ பேஸ் விஷயம். சாதாரண ட்யூனிங்ல கிட்டாரோட தடிச்ச கம்பி 82 ஹெர்ட்ஸ் கிட்ட ஒலிக்கும், பேஸ் கிட்டாரோட தடிச்ச கம்பி அதுக்கு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழ, 41 ஹெர்ட்ஸ் கிட்ட. ஒரு ராக் பேண்ட்ல அந்தக் கீழ் எடத்த பேஸும் காலால அடிக்கிற கிக் ட்ரம்மும் பங்கு போட்டுக்கும், நெஞ்சுல இடிக்கிற மாதிரி இருக்குமே அது அங்கதான். பேஸ தூக்கிட்டா அந்த எடம் காலி, கிக் மட்டும் தனியா தொப்பு தொப்புன்னு நிக்கும். ரெண்டு பேரு பேண்ட் வைக்கிறவங்க எல்லாருக்கும் முதல் தலவலி இதுதான், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழி கண்டுபிடிச்சாங்க. லோக்கல் எச்-னு இல்லினாய் மாநிலத்து ரெண்டு பேரு பேண்ட், அதுல ஸ்காட் லூக்கஸ் தன் கிட்டார்லயே பேஸ் பிக்கப் ஒண்ண (கம்பி அதிர்வ மின் சிக்னலா மாத்துற பாகம்) தனியா பொருத்தி தடிச்ச கம்பியோட சத்தத்த பேஸ் ஆம்புக்கு அனுப்புனாரு. வொயிட் ஸ்ட்ரைப்ஸ் 2003-ல போட்ட ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு) இருக்கு, ஃபுட்பால் மைதானம் மைதானமா ஜனங்க கத்துவாங்களே அதுதான், அத பேஸ்னே பல பேரு நெனச்சுட்டு இருக்காங்க, உண்மைல கிட்டார பெடல் போட்டு ஒரு ஆக்டேவ் கீழ இறக்குனது. ராயல் ப்ளட் தலைகீழா போனாங்க, கிட்டாரே வேணாம்னு பேஸ மட்டும் வச்சுக்கிட்டு அத மேல ஏத்தி கிட்டார் மாதிரி கத்த வச்சாங்க, 2014-ல அவங்க முதல் ஆல்பம் பிரிட்டன்ல நம்பர் ஒன்.

டயட் சிக் கிட்ட இந்த வித்தையெல்லாம் பெருசா கிடையாது, அதுதான் எனக்கு சுவாரசியமே. அவங்க அந்த ஓட்டைய அடைக்க முயற்சி பண்றத விட அத பயன்படுத்திக்கிறாங்க. கார்டுன்னா சில நோட்ட சேத்து ஒண்ணா வாசிக்கிறது, பவர் கார்டுன்னா கார்டோட அடி நோட்டும் அஞ்சாவது நோட்டும் மட்டும், மூணாவது நோட்ட விட்டுடுவாங்க, அந்த மூணாவதுதான் மேஜரா மைனரான்னு சொல்ற நோட்டு. டிஸ்டார்ஷன் (சத்தத்த வேணும்னே கரகரன்னு ஆக்குறது) ஏத்துனா மூணாவது நோட்டு மத்ததோட மோதி கொழகொழன்னு ஆயிடும், விட்டுட்டா பளிச்சுன்னு நிக்கும், பங்க்னு சொல்ற வேகமான முரட்டு ராக் மொத்தமும் இதுமேலதான் ஓடுது. சந்தோஷமா சோகமான்னு கார்டு சொல்லாதப்ப அந்த வேலைய குரல் எடுத்துக்கும். சாதாரணமா பேஸ் நடுவுல நடந்துக்கிட்டே எந்தப் பக்கம் போறோம்னு காட்டிக்கிட்டே இருக்கும், இங்க அதுவும் கிடையாதா, ஆக அலெக்ஸ் பாடுற மெலடி ஒண்ணுதான் வழிகாட்டி. அவங்க குரல் மெலிசு, மேல் பக்கம் இருக்கு, கிட்டாரோட நடு சத்தத்தோட மோதாம தனியா மிதக்கும். நோவா அடிக்கிறதயும் கவனிங்க, சும்மா தாளம் போட்டுட்டு போறதில்ல, வரி முடியுற எடத்துல எல்லாம் டாம்ஸ்ங்கிற நடு சைஸ் ட்ரம்ஸ உருட்டி காலி எடத்த நிரப்பிட்டே இருப்பாரு, ஒரு பேஸ் கிட்டாரிஸ்ட் பண்ற பாதி வேலைய அவரு செய்றாரு. ஆல்பத்துல ஸ்டுடியோ வசதி இருந்ததால கிட்டார் மேல கிட்டார் அடுக்கிருக்காங்க, ஹெட்போன்ல கேட்டா ரெண்டு காதுலயும் வேற வேற கிட்டார் உரசுறது தெரியும். இருந்தாலும் எலும்புக்கூடு ரெண்டு பேரோடதுதான்.

முதல் பாட்டையே எடுத்துக்கோங்க, சிக்ஸ்டீன். ஆரம்பத்துல கிட்டார் மட்டும், டிஸ்டார்ஷன் இல்லாம, ஏதோ ரூம்ல உக்காந்து தனக்குத்தானே வாசிக்கிற மாதிரி. பதினாறு வயசுல தன்னோட பேரே இருக்கிற ஒரு பையன்கூட பழகுனேன்னு ஒரு கதை ஆரம்பிக்குது, அவனோட வண்டிக்குப் பின்னாடி நடந்த சங்கடமான விஷயத்த எல்லாம் கொஞ்சமும் மழுப்பாம சொல்றாங்க, அந்த நேரத்துல தன் பேரையே தானே சொல்ல வேண்டியிருந்ததுன்னு. கேக்குறவங்க சிரிப்பாங்க. அந்த சிரிப்பு அடங்குறதுக்குள்ள ட்ரம்ஸும் முழு சத்தமும் சேர்ந்து விழும், இப்போ அதே கதைல கோபம் இருக்கிறது தெரியும், ஜோக் மாதிரி சொன்னது உண்மைல ஒருத்தன் தன்னப் பத்தி ஊரெல்லாம் பேசிட்டு திரிஞ்ச ஆத்திரம்னு புரியும். சிரிக்க வச்சு நம்மள பக்கத்துல இழுத்துக்கிட்டு அப்புறம் அறையிறது. இந்த மாத்தம் இவ்ளோ பெருசா கேக்குறதுக்கு ரெண்டு பேரா இருக்கிறதுதான் காரணம், அஞ்சு பேரு பேண்ட்ல மெதுவான எடத்துலயும் ஏதாவது ஒண்ணு பின்னாடி ஓடிட்டுதான் இருக்கும், இங்க ஒருத்தர் நிறுத்துனா பாதி பேண்டே நின்னு போச்சு.

சரி, சின்னப்புள்ளத்தனம்னு சொன்னதுக்கு வருவோம். பாட்டுப் பேர பாத்தாலே அந்தக் குற்றச்சாட்டு எங்கருந்து வருதுன்னு தெரியும், ஒண்ணு வாந்தியப் பத்தி, ஒண்ணு வயித்து வலிய பத்தி, ஒண்ணு இன்ஸ்டாகிராம் பயோல லிங்க் இருக்குன்னு சொல்றது. பார்ஃப் டே (பார்ஃப்னா வாந்தி) பாட்டுல பொறந்தநாளுக்கு ஐஸ்க்ரீம் வேணும், மெழுகுவத்திய ஊதி என் வலியெல்லாம் போகணும்னு வேண்டிக்கணும்னு பாடுறாங்க. இதுல என்ன ஆழம் இருக்குன்னு கேட்டாங்க சில விமர்சகருங்க.

ஆனா இவங்க வகையான பாப்-பங்கோட (பங்க் வேகமும் பாப் மெட்டும் சேந்தது) சரித்திரத்த ஒரு தடவ திரும்பிப் பாருங்க. டிசெண்டெண்ட்ஸ் 1982-லயே அப்பா அம்மா, கிடைக்காத பொண்ணு இத வச்சு ஒரு ஆல்பம் போட்டாங்க, பாடகர் மைலோ காலேஜ் படிக்கப் போறாருங்கிறதுதான் ஆல்பத்தோட தலைப்பே, இன்னிக்கு அது இந்த வகையோட வேதம். க்ரீன் டே 1994-ல போட்டு அமெரிக்கால மட்டும் 1 கோடி காப்பிக்கு மேல வித்த டூக்கி, அந்தப் பேரு குழந்தைங்க கக்காவுக்கு சொல்ற வார்த்தை, டூர்ல வயித்தால போனத வச்சு வந்த ஜோக். ப்ளிங்க்-182 1999-ல போட்ட ஆல்பத்தோட பேரு எனிமாவ வச்சு ஒரு சிலேடை, அட்டைல நர்ஸ் ஒருத்தங்க க்ளவுஸ இழுத்து மாட்டிட்டு நிப்பாங்க. வயிறு, வாந்தி, கக்கூஸ், பொறந்தநாள், அம்மா வீட்டு ரூம், இதெல்லாம் இந்த வகையோட மூலதனம் ஐயா. இருபது வயசுப் பசங்க கக்கூஸ் ஜோக் அடிச்சா அது 'இளமையோட துடிப்பு', 'வளர மறுக்கிற கலகம்', அதையே ஒரு பொண்ணு வயித்து வலின்னு பாடுனா 'டைரி'. எல்லா விமர்சகரும் இப்டி நெனச்சு எழுதுனாங்கன்னு சொல்ல மாட்டேன், பாராட்டுனவங்களும் நிறைய பேரு இருந்தாங்க, ஆனா ரெண்டு அளவுகோல் இருந்தது உண்மை.

இந்த விவாதம் புதுசும் கிடையாது. 2003-லயே ஜெசிக்கா ஹாப்பர்னு இசை விமர்சகர், பங்க் ப்ளானட் பத்திரிகைல ஒரு கட்டுரை எழுதுனாங்க, இதுக்குப் பக்கத்து வகையான, மனச அப்டியே கொட்டிப் பாடுற இமோவப் பத்தி, பொண்ணுங்க எங்க போனாங்கன்னு கேட்டு. இந்தப் பாட்டுல எல்லாம் பொண்ணுன்னா பையன் மனச ஒடைச்சுட்டுப் போனவ, இல்ல அவன் ஏங்குற படம், அவளுக்குன்னு ஒரு பேரோ வேலையோ வாழ்க்கையோ கிடையாது, முன்வரிசைல நின்னு கேக்குற பதினாறு வயசுப் பொண்ணுங்களுக்கு மேடைல தன்ன மாதிரி ஒருத்தி இல்லன்னு. அதுக்கும் முன்னாடி 90-கள் ஆரம்பத்துல பிகினி கில்ங்கிற பங்க் பேண்ட் ஷோல அதோட பாடகி கேத்லீன் ஹன்னா பொண்ணுங்க எல்லாம் முன்னாடி வாங்கன்னு மைக்ல கூப்ட்டு ஆம்பளைங்கள பின்னாடி அனுப்புனாங்க. 2002-ல அவ்ரில் லவீன், 2005-ல பாராமோர்னு கதவு கொஞ்சம் கொஞ்சமா திறந்துச்சு. டயட் சிக் வந்து நிக்கிறது இந்த வரிசையோட தொடர்ச்சில. டம்மி ஏக், அதாவது வயித்து வலிங்கிற பாட்ட இந்த வெளிச்சத்துல கேளுங்க, பாவாட போட்டுக்கிட்டு பங்கா இருக்கிறது கஷ்டம், சுத்தி பசங்களா நிக்கிற எடத்துல என் குரல தேடித்தேடி அலுத்துப் போச்சுன்னு பாடுறாங்க. அந்த வயித்து வலி ஜோக் இல்ல, பயத்துல வர்ற வலி, ரூம்ல நம்ம மட்டும் வேற ஆளா நிக்கும்போது வரும் பாருங்க அது. இத பெரிய கொள்கை விளக்கமா எழுதிருந்தா ரெண்டு நிமிஷம் கூட தாங்காது, வயிறு வலிக்குதுன்னு எழுதுனதாலதான் பாட்டா நிக்குது.

எனக்கு ஆல்பத்துலயே பிடிச்சது மெய்ட் ஆஃப் தி மிஸ்ட். நயாகரா அருவி கிட்ட டூரிஸ்டுங்கள ஏத்திட்டு சாரலுக்குள்ள போற படகோட பேரு அது, 1846-ல ஆரம்பிச்சது, மழைக்கோட்டு மாட்டி விட்டு நனைச்சு அனுப்புவாங்க. பாட்டு அந்தப் படகப் பத்தி இல்ல. நான் மனச ஒடைச்சவங்க எல்லாரையும் ஆவி கூப்டுற மாதிரி ஒரு ரூமுக்குக் கூப்ட்டு, போதும் இதோட விடுங்கப்பான்னு சொல்லணும்னு ஆரம்பிக்கும், திமிரான ஆரம்பம், வழக்கமா மனசொடஞ்ச பையன்தான் பாடிட்டு இருப்பான், இங்க ஒடச்சவ பாடுறா, அதுவும் மன்னிப்பு கேக்காம. கொஞ்ச நேரத்துல அதே பாட்டு, இந்த வெளி உடம்ப விட நான் பெருசு, கேக்காம தொட்டா நீதான் வருத்தப்படுவேன்னு எச்சரிக்கிற எடத்துக்கு வந்து நிக்கும். அத கூட்டமா சேந்து கத்துறதுக்குத் தோதா எழுதிருக்காங்க. பங்க் ஷோல தள்ளுமுள்ளுல என்னெல்லாம் நடக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த வரி யாருக்கு சொன்னதுன்னு புரியும், இந்த பேண்டும் தங்களோட ஷோல எல்லாரும் பயமில்லாம நிக்கணும்னு தொடர்ந்து பேசுனவங்கதான்.

குறைன்னு சொன்னேன்ல. சிக்ஸ்டீன்ல பண்ண அந்த மெதுவா ஆரம்பிச்சு வெடிக்கிற தந்திரத்த ஆல்பம் முழுக்க திரும்பத் திரும்ப பண்றாங்க, நாலாவது தடவ வரும்போது எந்த எடத்துல ட்ரம்ஸ் விழும்னு நமக்கே தெரிஞ்சுடும். வேகமும் பெருசா மாறாது. நடுவுல ஒரு மூணு நாலு பாட்டு கேட்டு முடிச்சதும் எது எதுன்னு பிரிச்சு சொல்ல கஷ்டப்படுவீங்க. ஆப்ரிகாட்ஸ் மாதிரி அமைதியான பாட்டு வர்றப்போ மூச்சு விட எடம் கிடைக்குது, அந்த மாதிரி இன்னும் ரெண்டு இருந்திருக்கலாம். அப்புறம் லிங்க் இன் பயோ, பாட்டா நல்ல பாட்டு, நான் ஒண்ணும் ட்ராமா பண்ணல, நீ சொல்ற மாதிரி நான் இருக்கணுங்கிறது எனக்கு அலுத்துப் போச்சுன்னு நேரா சொல்ற பாட்டு, ஆனா தலைப்பு 2017-லயே மாட்டிக்கிச்சு. இன்னொண்ணு, இது என் தனிப்பட்ட கருத்து, சண்டைக்கு வராதீங்க: ஓவர் ஈஸி ஈபில அந்த அஞ்சு பாட்டும் வந்த வேகத்துல வந்து முடிஞ்சுடும், ஒண்ணு கூட அதிகம்னு தோணாது. இந்த பேண்டுக்கு ஈபி அளவுதான் இயற்கையான அளவு, 12 பாட்டுக்கு இழுக்கும்போது கொஞ்சம் நீர் கலந்த மாதிரி ஆகுது. ரெண்டு பேரா இருக்கிறதோட விலை அது, சத்தத்துல மாத்தம் காட்ட கையில சாமான் கம்மி.

'ரெண்டு பேரு பாப்-பங்க் பேண்ட்'னு சொன்னாலே இந்த மாதிரிதான் இருக்கும்னு நெனச்சுடாதீங்க, நேரெதிர் உதாரணம் ஒண்ணு இருக்கு. ஆஸ்திரேலியா பிரிஸ்பேன் ஊரு இரட்டை சகோதரிங்க ஜெஸ், லிசா ஒரிக்லியாசோ, தி வெரோனிகாஸ்னு பேரு. இவங்க முதல் ஆல்பம், தி சீக்ரெட் லைஃப் ஆஃப், 2005 அக்டோபர்ல வந்துச்சு. முதல் சிங்கிள எழுதுனது மேக்ஸ் மார்ட்டினும் டாக்டர் லூக்கும், அதாவது அதுக்கு முந்துன வருஷம்தான் கெல்லி க்ளார்க்சனுக்கு ஒரு பெரிய ஹிட் குடுத்த அதே ஜோடி, கிட்டார் அதே மாதிரி அடக்கி வாசிச்சு கோரஸ்ல வெடிக்கிற அதே அச்சு. இங்க ரெண்டு பேருங்கிறது ரெண்டு குரல், ரெண்டு முகம், வாசிக்கிறதுக்கு ஸ்டுடியோல ஒரு படையே இருக்கு. பேஸ் எங்கன்னு யாரும் கேக்கவே மாட்டாங்க. கேட்டா காதுல நல்லா ஏறும், நான் குறை சொல்லல, அந்த வகைல அது நேர்த்தியான ஆல்பம், சகோதரிங்களுக்கு எழுதவும் வரும், டாட்டூங்கிற ரஷ்ய பேண்டுக்குக் கூட பாட்டு எழுதிக் குடுத்தவங்கதான். இதுல வேடிக்கை என்னன்னா ஆர்ச்சி காமிக்ஸ் கம்பெனி எங்க காமிக்ஸ் கேரக்டர் வெரோனிகா பேர எப்டி வைக்கலாம்னு 20 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டாங்க, கடைசில சமாதானமாகி அந்த சகோதரிங்களே காமிக்ஸ்ல கேரக்டரா வந்தாங்க! டயட் சிக்குக்கு இப்டி ஒரு வழக்கு வர சான்ஸே இல்ல, வந்தா கட்ட காசும் இருந்திருக்காது.

ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. வெரோனிகாஸ் ஆல்பத்துல ஒவ்வொரு பாட்டும் எந்த விநாடில கோரஸ் வரணும்னு அளந்து வச்சது, வார்த்தை எந்தப் பொண்ணுக்கும் பொருந்துற மாதிரி பொதுவா இருக்கும், எந்தக் காதல், எந்த ஊரு, எந்தப் பையன்னு ஒண்ணும் ஒட்டாது, அதனாலதான் உலகம் பூரா விக்க முடியுது. டயட் சிக்ல எல்லாமே ஒட்டும், வண்டி, ஐஸ்க்ரீம், பாவாட, ஒரே பேரு உள்ள பையன். இத டைரின்னு சொன்னவங்க ஒரு விதத்துல சரியாத்தான் கண்டுபிடிச்சாங்க, ஆனா அது எழுதத் தெரியாம வந்த டைரி இல்ல. மேல சொன்ன மாதிரி பேஸும் இல்ல, கார்டும் மூட் சொல்லாது, அப்போ கேக்குறவங்கள பிடிச்சு வைக்க வார்த்தைல இருக்கிற சின்னச்சின்ன சாமான் மட்டும்தான் இருக்கு. பொதுவா 'என் மனசு வலிக்குது'ன்னு பாடிருந்தா அந்த மெலிசான கிட்டார் மேல அது நிக்கவே நிக்காது.

இத பாப்-பங்க்னு சொல்லலாமா, இல்ல இண்டி பாப்பான்னு சில பேரு சண்ட போடுவாங்க, எனக்கு அதுல பெருசா ஆர்வம் இல்ல. வேகம், பவர் கார்டு, கூட சேந்து பாடுற கோரஸ், பத்தொம்போது இருபது வயசோட பிரச்சன, எல்லாம் இருக்கு. பளபளப்பு மட்டும் இல்ல. பாப்-பங்க்தான்.

வேற என்ன கேக்கலாம்னா, ரெண்டு பேரு சத்தம்தான் பிடிச்சிருக்குன்னா நேரா ஜப்பாண்ட்ராய்ட்ஸ் போங்க, வான்கூவர் ஊரு ப்ரையன் கிங், டேவிட் ப்ரௌஸ், 2009-ல வந்த போஸ்ட்-நத்திங் எட்டே பாட்டு, ரெண்டு பேரும் சேந்து கத்துவாங்க, கிட்டார் ஒரு சுவர் மாதிரி வந்து மோதும், டயட் சிக் விட்டு வச்ச காலி எடத்த எல்லாம் இவங்க சத்தத்தால அடைச்சிருப்பாங்க, அதனால ரெண்டையும் ஒப்பிட்டுக் கேக்க நல்லாருக்கும். கொஞ்சம் முரட்டுத்தனம் வேணும்னா மேல சொன்ன லோக்கல் எச், 1996-ல வந்த ஆஸ் குட் ஆஸ் டெட். இல்ல, எழுத்தும் குரலும்தான் பிடிச்சதுன்னா சார்லி ப்ளிஸ்னு ப்ரூக்ளின் பேண்ட், நாலு பேரு, அவங்க முதல் ஆல்பம் கப்பியும் அதே 2017 ஏப்ரல்லதான் வந்துச்சு, அதே மாதிரி கூசாம எழுதுற பாட்டு, ஆனா முழு பேண்டோட கொழுப்பு இருக்கும், பல பேருக்கு அதுதான் டயட் சிக்க விட நல்ல ஆல்பம்னு தோணும், நானும் கொஞ்சம் அந்தக் கட்சிதான். பெஸ்ட் கோஸ்ட் கூட ரெண்டு பேருதான், லாஸ் ஏஞ்சலஸ், 2010-ல க்ரேஸி ஃபார் யூ, அது பங்க விட கடற்கரை வெயில் பக்கம், சாயங்காலம் போட்டு விட்டுட்டு வேல பாக்கலாம்.

டயட் சிக்கோட ரெண்டாவது ஆல்பம் டூ யூ வொண்டர் அபௌட் மீ, 2020 மே 1, ஊரெல்லாம் லாக்டவுன்ல இருக்கும்போது வந்து டூர் போக வழியில்லாம போச்சு. டூர்லயே வாழ்ந்த பேண்டுக்கு அத விட மோசமான நேரம் அமைஞ்சிருக்காது. அதுல சத்தம் இன்னும் அடுக்கா இருக்கும், கோபம் கொஞ்சம் அடங்கி யோசன கூடிருக்கும். முதல் ஆல்பத்துல உங்களுக்குப் பிடிச்சது அந்த உதறலும் வேகமும்தான்னா அதுக்கு முன்னாடி ஓவர் ஈஸிய கேட்டுடுங்க, அதுல ஹார்வர்டுன்னு ஒரு பாட்டு இருக்கு, தன்ன விட்டுட்டு பெரிய காலேஜ் பொண்ணு பின்னாடி போனவன கிழிச்சு தொங்க விடுவாங்க, அங்கருந்து ஆரம்பிச்சா ஆல்பம் எங்க வளந்துச்சு எங்க இழுத்துச்சுன்னு ரெண்டும் உங்களுக்கே தெரியும்.